பண்ருட்டி பலாத் தோப்புகள்

பண்ருட்டி பலாத் தோப்புகள் என்பன தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டி நகரைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டுநிலத்தில் வணிக நோக்கில் வளர்க்கப்படும் பலா மரத் தோப்புகள் ஆகும். இங்கு விளையும் பழம் 'பண்ருட்டிப் பலா' என்ற பெயரில் தமிழகம் முழுவதும் அறியப்படுகின்றது. பலா பொதுவாக மலைநாட்டு மரமாகக் கருதப்படுவது. அது கடலோரச் சமவெளியை ஒட்டிய ஒரு சிறு நகரின் முதன்மை வணிகப் பயிர்களுள் ஒன்றாக விளங்குவது இப்பகுதியின் தனிச்சிறப்பாகும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் இத்தோப்புகள் பேரிழப்பைச் சந்தித்தன. 2025 ஆம் ஆண்டில் பண்ருட்டிப் பலாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நிலமும் காலநிலையும்

பண்ருட்டி, மாவட்டத் தலைநகரான கடலூரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கெடிலம் ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது. நகருக்கு வடக்கே தென்பெண்ணை ஆறு பாய்கின்றது. இவ்விரு ஆறுகளின் வண்டல் நிலங்களில் நெல்லும் கரும்பும் பயிரிடப்படுகின்றன. அருகிலுள்ள நெல்லிக்குப்பத்தின் சர்க்கரை ஆலை 1842 இல் தொடங்கப்பட்டது. ஆற்றங்கரைக் கரும்பு வேளாண்மை நீண்டகாலமாக அதனைச் சார்ந்து வந்துள்ளது.

நகருக்குத் தெற்கே, வடலூர், நெய்வேலி ஆகிய ஊர்களை நோக்கிச் செல்லச் செல்ல நிலம் உயர்ந்து செம்மண் மேடாக மாறுகின்றது. புவியியலாளர் 'கடலூர் மணற்கல்' என்று அழைக்கும் பாறை அடுக்கின் மேல் இம்மண் அமைந்துள்ளது. பணிக்கன்குப்பம், மாளிகம்பட்டு, காடாம்புலியூர், மேல்மாம்பட்டு, கீழ்மாம்பட்டு, சிறுதொண்டமாதேவி, பத்திரக்கோட்டை முதலிய ஊர்களின் பலாத் தோப்புகளும் முந்திரிக்காடுகளும் இந்த மேட்டுநிலத்திலேயே உள்ளன.

பலா மரத்தின் வேர் தேங்கும் நீரைத் தாங்காது. சில நாட்கள் வேர்ப்பகுதியில் நீர் நின்றாலும் மரம் வாடத் தொடங்கும். ஆழமாகவும் நீரை எளிதில் வடியவிடுவதாகவும் உள்ள செம்மண் இம்மரத்துக்கு ஏற்றது. நெல்லுக்குப் பயன்படாத மேட்டுநிலம் பலாவுக்கு உகந்த நிலமானது இதனாலேயே ஆகும்.

கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர். இதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கின்றது. வளர்ந்த பலா மரம் இம்மழையில் மண்ணில் சேரும் ஈரத்தைக் கொண்டே கோடையில் காய்களை முதிரச் செய்கின்றது. ஆயினும் இதே மாதங்கள் வங்கக் கடலில் புயல்கள் தோன்றும் காலமும் ஆகும்.

பலா மரம்

பலா, மொரேசியே என்னும் அத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதி எனக் கருதப்படுகின்றது. ஒரே மரத்தில் ஆண் பூங்கதிர்களும் பெண் பூங்கதிர்களும் தனித்தனியே தோன்றும். பெண் பூங்கதிர்கள் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் வருவதால் கனமான பழங்களை மரம் தாங்க முடிகின்றது. ஆண் பூங்கதிர்கள் மகரந்தம் உதிர்ந்த பின் கறுத்து விழுந்துவிடும். இவற்றைப் பிஞ்சு உதிர்வதாகப் பலர் தவறாகக் கருதுவதுண்டு.

பலாப்பழம் ஒரு கூட்டுக்கனியாகும். பூங்கதிரில் உள்ள பூக்களுள் கருவுற்றவை ஒவ்வொன்றும் ஒரு சுளையாகின்றன. கருவுறாதவை சுளைகளுக்கிடையே உள்ள சடையாகின்றன. சுளையின் தன்மையைக் கொண்டு, கெட்டியான சுளையுடைய வருக்கை என்றும் குழைந்த சுளையுடைய கூழன் என்றும் பலாவை இருவகைப்படுத்துவர். எடுத்துச் செல்வதற்கும் பிரித்து விற்பதற்கும் வருக்கையே ஏற்றது.

பலாவில் அயல் மகரந்தச் சேர்க்கை நிகழ்கின்றது. எனவே ஒரு மரத்தின் கொட்டையிலிருந்து முளைக்கும் கன்று தாய் மரத்தைப் போன்றே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சுளையின் நிறம், இனிப்பு, பழத்தின் அளவு, காய்க்கும் காலம் ஆகியவை மரத்துக்கு மரம் வேறுபடும். கொட்டைக் கன்றுகளால் உருவான பழைய தோப்பு ஒன்றில் எத்தனை மரங்கள் உள்ளனவோ ஏறத்தாழ அத்தனை வகைகள் உள்ளன எனலாம்.

வரலாறு

தொடக்க காலம்

சங்கப் பாடல்களில் பலா பெரும்பாலும் குறிஞ்சித் திணையின் மரமாகவே வருகின்றது. பறம்பு மலையில் உழவர் உழாமலேயே கிடைக்கும் உணவுகளுள் ஒன்றாகக் கபிலர் பலாப்பழத்தைப் புறநானூற்றில் குறிப்பிடுகின்றார். மா, பலா, வாழை ஆகிய மூன்றையும் முக்கனி என வழங்குவது தமிழ் மரபாகும்.

பண்ருட்டி மேட்டுநிலத்திலும் பலா நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வருவதற்கு அங்குள்ள முதிய மரங்களே சான்றாக உள்ளன. மாளிகம்பட்டில் உள்ள 'ஆயிரங்காய்ச்சி' என்னும் மரம் சுமார் 200 ஆண்டு பழமையானதாகக் கூறப்படுகின்றது. பாட்டன் நட்ட மரத்தில் பேரன் காய் வெட்டுவது இப்பகுதியில் இயல்பான செய்தியாகும்.

முந்திரி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் இச்செம்மண் நிலத்தில் பரவி, பலாவுக்கு இணைப்பயிரானது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காடு மாவட்டத்தில் நிலக்கடலை பெரிய அளவில் பயிரிடப்பட்டுப் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியானது. இப்பகுதி மக்கள் நிலக்கடலையை 'மணிலாக் கொட்டை' என்றும் அதன் மருவிய வடிவமான 'மல்லாட்டை' என்றும் அழைக்கின்றனர். மேட்டுநில உழவர் தொலைவிலுள்ள சந்தைக்காகப் பயிரிடும் வழக்கம் இவ்வாறு பலாவின் வணிகத்துக்கு முன்பே வேரூன்றியிருந்தது.

தொடர்வண்டியும் சாலையும்

பலாப்பழம் கனமானது; முதிர்ந்து வெட்டிய சில நாட்களில் பழுத்துவிடும். எனவே விரைவான போக்குவரத்து இல்லாத இடத்தில் அதனை உள்ளூரிலேயே உண்ண வேண்டும். அல்லது வீணாக விட வேண்டும். 1870களில் விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் இடையே தென்னிந்திய இரயில்வே பாதை அமைக்கப்பட்டபோது பண்ருட்டி அப்பாதையில் ஒரு நிலையமாயிற்று. விழுப்புரம் – மயிலாடுதுறை மீட்டர் பாதை 2010 இல் அகலப் பாதையாக மாற்றப்பட்டது.

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையும் பண்ருட்டி வழியே செல்கின்றது. சரக்குந்துப் போக்குவரத்து வளர்ந்தபின் மாலையில் ஏற்றிய பழம் மறுநாள் விடியலில் சென்னைச் சந்தையை அடைய முடிந்தது. சாலையோரங்களில் பழங்களைக் குவித்து வைத்துப் பயணிகளுக்கு விற்பனை செய்வதும் இச்சாலையின் வழக்கமான காட்சியானது. நகரின் பெயரையும் பழத்தின் பெயரையும் வெளியூர் மக்களிடையே இணைத்ததில் இச்சாலைக்குப் பெரும் பங்குண்டு.

ஆய்வு நிலையமும் மேம்பட்ட வகைகளும்

பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையிலுள்ள பாலூரில் 1905 இல் வேளாண் ஆய்வுப் பண்ணை ஒன்று தொடங்கப்பட்டது. இது பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையமாயிற்று. இந்நிலையம் 1992 இல் 'பாலூர் 1' என்னும் பலா வகையை வெளியிட்டது. இது பணிக்கன்குப்பத்தில் இருந்த ஒரு நாட்டு மரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதாகும். முதன்மைப் பருவத்திலும் ஆண்டின் இறுதியிலும் என ஆண்டுக்கு இருமுறை காய்ப்பது இதன் சிறப்பு. பின்னர் 'பாலூர் 2' வகையும் வெளியிடப்பட்டது.

ஆய்வகக் கலப்பினால் உருவாக்கப்படாமல், உழவர் தோப்பில் இருந்த சிறந்த மரம் ஒன்றை அடையாளம் கண்டு ஒட்டு மூலம் பெருக்கியதன் வழியே 'பாலூர் 1' உருவானது. எனவே மேம்பட்ட வகைகளுக்கான மூலம் பழைய தோப்புகளிலேயே உள்ளது. அவை அழியும்போது பழத்துடன் சேர்ந்து, இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத வகைகளும் மறைந்துவிடுகின்றன.

சாகுபடி முறை

பலாக் கொட்டை உலர்ந்தால் முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும். ஆகவே பழத்திலிருந்து எடுத்தவுடன் விதைக்க வேண்டும். பெயர்த்து நடும்போது ஆணிவேர் சேதமடையும் என்பதால் கொட்டையை நிலத்திலேயே நேரடியாக ஊன்றி வளர்ப்பது பழைய முறையாகும். கொட்டைக் கன்று காய்ப்புக்கு வர ஏழு, எட்டு ஆண்டுகள் ஆகும். ஒட்டுக் கன்றுகள் ஏறத்தாழ ஐந்தாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். நல்ல விளைச்சலை அடைய இரண்டுக்கும் மேலும் பல ஆண்டுகள் தேவை.

மரங்கள் சிறியனவாக இருக்கும் காலத்தில் இடைவெளியில் நிலக்கடலை, பயறு வகைகள், மரவள்ளி முதலியவற்றைப் பயிரிடுவர். உழவருக்கு அவ்வாண்டுகளின் வருமானம் இவ்வூடுபயிர்களிலிருந்தே கிடைக்கின்றது. தனித் தோப்பாக அன்றி, முந்திரிக்காட்டின் நடுவிலும் வரப்போரங்களிலும் வளர்க்கப்படும் பலா மரங்களும் மிகுதி. முந்திரியும் பலாவும் ஏறத்தாழ ஒரே கோடைக் காலத்தில் பலன் தருவதால் மேட்டுநிலக் குடும்பங்களின் ஆண்டு வருமானம் சில மாதங்களுக்குள் அடங்கிவிடுகின்றது.

அறுவடையும் வணிகமும்

முதன்மைப் பருவம் மார்ச் முதல் ஜூலை வரை நீடிக்கின்றது. பழம் முதிர்ந்ததை முள்கள் அகன்று மழுங்குவதையும், தட்டும்போது எழும் மந்தமான ஒலியையும், மணத்தையும் கொண்டு அறிவர். உயரத்திலுள்ள பழங்களைக் கயிற்றில் கட்டி இறக்குவர். கீழே விழுந்து அடிபட்ட பழம் சீக்கிரம் அழுகும். காம்பிலிருந்து வடியும் பால் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. பழத்தை வெட்டுவோர் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வர்.

விற்பனை இருவகையாக நடைபெறுகின்றது. ஒன்று, உழவர் தாமே பழங்களை வெட்டிப் பண்ருட்டியிலுள்ள மண்டிகளுக்குக் கொண்டு செல்வது. மற்றொன்று குத்தகை முறை. இதில் வியாபாரி காய் பிடித்த நிலையில் தோப்பைப் பார்வையிட்டு, ஒரு பருவத்தின் காய்கள் முழுவதற்கும் விலை பேசிக்கொள்கின்றார். அறுவடைச் செலவும் சந்தை ஏற்ற இறக்கமும் குத்தகைதாரரைச் சேரும். உழவருக்கு முன்பணம் கிடைக்கும். ஆயினும் பருவத்தில் விலை உயர்ந்தால் அதன் பலன் அவருக்கு வராது.

வரத்து மிகுதியான மே, ஜூன் மாதங்களில் மாம்பழமும் சந்தைக்கு வருவதால் பலாவின் விலை சரிகின்றது. பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சுளையாதலால், ஏற்றிச் செல்லும் எடையின் பெரும்பகுதி கழிவாகின்றது. நகரங்களில் முழுப் பழம் வாங்கும் குடும்பங்கள் குறைந்து, சுளையாக வாங்குவோர் பெருகினர். சுளையை எடுத்துத் தரும் உழைப்புக்கான வருமானம் தோப்பில் அன்றி நகரத்துச் சில்லறை வணிகத்திலேயே சேர்கின்றது.

மரத்தின் பயன்

முதிர்ந்த பலா மரத்தின் வைரம் மஞ்சள் நிறமுடையது. கறையான் எளிதில் அரிக்காதது. தஞ்சாவூர் வீணை செய்வதற்குப் பலா மரமே பயன்படுகின்றது. பண்ருட்டிப் பகுதி மரம் இதற்கு விரும்பி வாங்கப்படுகின்றது. தஞ்சாவூர் வீணை 2013 இல் புவிசார் குறியீடு பெற்றது. மிருதங்கத்தின் கட்டையும் பலா மரத்தில் கடையப்படுகின்றது. காய்ப்பு ஓய்ந்த மரம் இவ்வாறு மரமாக விலைபோவதால், பலாத் தோப்பு உழவர் குடும்பத்துக்குத் திருமணம், கல்வி, மருத்துவம் போன்ற பெருஞ்செலவுகளுக்கான சேமிப்பாகவும் விளங்குகின்றது.

தானே புயல்

2011 டிசம்பர் 30 அன்று அதிகாலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் அளவை எட்டியது. பருவமழையில் ஊறி இளகியிருந்த செம்மண்ணில் மரங்களின் வேர்ப்பிடிப்பு தளர்ந்திருந்தது. முதிய பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. எஞ்சியவற்றுள் பல கிளைகள் ஒடிந்து மொட்டையாகின. முந்திரிக்காடுகளுக்கும் இதே நிலை ஏற்பட்டது.

நெல் வயலில் புயல் சேதம் ஒரு போக இழப்பாகும். அடுத்த பருவத்தில் உழவர் மீண்டும் விதைக்க முடியும். பலாத் தோப்பில் இழப்பின் தன்மை வேறு. பூக்கும் காலத்தில் புயல் வீசியதால் 2012 கோடை விளைச்சல் முதலில் இல்லாமற் போயிற்று. அடுத்து, நாற்பது, ஐம்பது ஆண்டு மரம் இருந்த இடத்தில் மீண்டும் அதே அளவு விளைச்சலைக் காண ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். மூன்றாவதாக, ஒரே நேரத்தில் ஏராளமான மரங்கள் விழுந்ததால் மரத்தின் விலையும் சரிந்தது. சேமிப்பாகக் கருதப்பட்ட மரங்கள் விறகு விலைக்குப் போயின. காய், எதிர்கால விளைச்சல், மரம் என்னும் மூன்று மதிப்புகளையும் உழவர் ஒரே நாளில் இழந்தனர்.

ஓர் ஆண்டு விளைச்சலைக் கணக்கிட்டு வழங்கும் நிவாரணம், பல பத்தாண்டுகள் பலன் தரவிருந்த மரத்தின் இழப்பை ஈடுசெய்வதில்லை. நீண்டகால மரப்பயிர்களுக்குப் புயல் நிவாரணம் எவ்வாறு மதிப்பிடப்பட வேண்டும் என்ற கேள்வி தானே புயலின்போதும், 2018 நவம்பரில் காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளை அழித்த கஜா புயலின்போதும் எழுந்தது.

மறுநடவும் பிந்தைய நிலையும்

புயலுக்குப் பின் சாய்ந்த மரங்களை அகற்றுதல், நிலத்தைச் சீர்செய்தல், ஒட்டுக் கன்றுகளை நடுதல் ஆகிய பணிகள் தொடங்கின. தோப்புகளை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு உதவித் திட்டங்களை அறிவித்தது. விழுந்த இடத்தில் மீண்டும் பலாவை நடுவதா, விரைவில் வருமானம் தரும் வேறு பயிருக்கு மாறுவதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. முந்திரித் தொழிலைப் பொறுத்தவரை, உள்ளூர்க் கொட்டையுடன் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் கொட்டையையும் கொண்டு பண்ருட்டியின் உடைப்பு ஆலைகள் இயங்குகின்றன. பலாவுக்கு அத்தகைய மாற்று வழி இல்லை. தோப்பு இல்லையேல் வணிகமும் இல்லை.

2012 இல் ஊன்றிய கொட்டைக் கன்றுகள் 2019, 2020 ஆம் ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும் நிலையில் இருந்தன. அந்நிலையில் கொரோனாத் தொற்று காரணமாக 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அது சரியாகப் பலாப் பருவத்தின் தொடக்கமாகும். சென்னையின் கோயம்பேடு சந்தை மே 5 அன்று தற்காலிகமாக மூடப்பட்டு, பழ வணிகம் மாதவரத்துக்கு மாற்றப்பட்டது. நெடுஞ்சாலைப் பயணிகளை நம்பிய சாலையோர விற்பனையும் முடங்கியது. உலர்த்தியோ உறையவைத்தோ பழத்தைச் சேமிக்கும் வசதி போதிய அளவு இல்லாமை இக்காலத்தில் வெளிப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 14 அன்று தனது முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையை வெளியிட்டது. பலாவுக்கென ஒரு சிறப்பு மையம் இப்பகுதியில் அமைக்கப்படும் என்று அதில் அறிவிக்கப்பட்டது. சுளையை உலர்த்துதல், வறுவல், பழக்கூழ், கொட்டை மாவு ஆகியவை பலாவிலிருந்து செய்யப்படும் மதிப்புக் கூட்டப்பட்ட பொருட்களுள் சிலவாகும்.

புவிசார் குறியீடு

2025 ஆம் ஆண்டில் பண்ருட்டிப் பலாவும் பண்ருட்டி முந்திரியும் புவிசார் குறியீடு பெற்றன. இதன்படி, குறிக்கப்பட்ட பகுதியில் விளையாத பழத்தைப் பண்ருட்டிப் பலா என்ற பெயரில் விற்பது சட்டப்படி தவறாகும். சென்னை போன்ற நகரங்களில் வேறு ஊர்ப் பழங்களும் இப்பெயரில் விற்கப்பட்டு வந்த நிலையில் இப்பாதுகாப்பு முக்கியத்துவம் பெறுகின்றது. ஆயினும் முழுப் பழமாகவும் சுளையாகவும் விற்கப்படும் பொருளில் பிறப்பிடத்தை உறுதிசெய்வது எளிதன்று. குறியீட்டின் பயன் உழவரைச் சென்றடைவது அவர்கள் சங்கமாக இணைந்து பயனாளர்களாகப் பதிவுசெய்து விற்பதைப் பொறுத்ததாகும்.

பிற பகுதிகளுடன் ஒப்பீடு

தமிழ்நாட்டில் கொல்லிமலை, கல்வராயன் மலை, சிறுமலை ஆகிய மலைப்பகுதிகளிலும் பலா விளைகின்றது. இவற்றுள் கல்வராயன் மலை, பண்ருட்டியைப் போலவே, பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் எல்லையை ஒட்டியது. அம்மாவட்டம் 1993 இல் பிரிக்கப்பட்டது. மலையின் கிழக்குப் பகுதி 2019 இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது.

பலா தமிழ்நாட்டின் மாநிலப் பழம் ஆகும். கேரளம் 2018 இல் இதனைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. வங்காளதேசத்தின் தேசியப் பழமும் பலாவே. கேரளத்திலும் இலங்கையிலும் பலாக்காய் உணவாகச் சமைக்கப்படுவதால் பிஞ்சு முதல் பழம் வரை எல்லா நிலையிலும் அது பயன்படுகின்றது. இலங்கையில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் வி. டயஸ் பஞ்சத்துக்கு எதிரான உணவாகப் பலாவைக் கருதி, பத்து இலட்சம் மரங்களை நடும் இயக்கத்தை நடத்தினார். பண்ருட்டியின் வணிகமோ பெரும்பாலும் பழத்தையே சார்ந்தது. காய்க்குச் சந்தை வளர்ந்தால் கோடை வரத்தின் ஒரு பகுதியை முன்னதாகவே விற்க இயலும்.

திரைப்படத்தில்

பண்ருட்டி வட்டம் பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான் தம் கதைகளிலும் திரைப்படங்களிலும் இம்மேட்டுநில வாழ்வைப் பதிவுசெய்துள்ளார். அவருடைய புதினத்தை அடிப்படையாகக் கொண்டு 2007 இல் வெளியான 'ஒன்பது ரூபாய் நோட்டு' திரைப்படம், தம் நிலத்தை விட்டு நீங்கும் முதிய உழவர் ஒருவரின் கதையாகும். தானே புயலுக்கு முந்தைய இப்பகுதியின் நிலக்காட்சிகளை இப்படத்தில் காணலாம்.

இவற்றையும் பார்க்க

பலா
முந்திரி
முக்கனி
பண்ருட்டி
தானே புயல்
தஞ்சாவூர் வீணை
கல்வராயன் மலை